சீனரியும் கவாத்தும்: இயற்கைப் படங்கள் குறித்துச் சில குறிப்புகள்

'சீனரி' என்பதை ஆங்கிலச் சொல்லாக நாம் நினைப்பதே இல்லை. ஓவிய வகுப்பில் 'ஒரு சீனரி வரை' என்று வாத்தியார் சொன்னால் தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பிள்ளையும் யோசிக்காமல் வரைந்துவிடும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலைச் சந்திலிருந்து வளைந்து இறங்குகிற ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு கோணல் கோடுகளாகப் பறவைகள். மலையைக் கண்ணால் பார்த்திராத ராமநாதபுரத்துப் பிள்ளை வரைவதும் இதையேதான். கண்மாய்க்கரை, உடைமரம், பனை, செம்மண் பாதை என்று தினமும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் வருகிற பிள்ளை அது. அவையெல்லாம் சீனரி ஆகாது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் தெரிந்து வைத்திருக்கிறது. கருத்தியல் எப்படி வேலை செய்கிறது என்று நாம் பக்கம்பக்கமாக மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதை அந்த நோட்டின் ஒரு தாளில் பார்த்துவிடலாம். இன்னொன்றையும் பார்க்கலாம். குடிசை இருக்கும், குடிசைக்கு ஆள் இருக்கமாட்டார்கள்.

இந்தச் சொல் நமக்கு நாடகக் கொட்டகை வழியாக வந்தது. பார்சி நாடகக் கம்பெனிகளின் பழக்கத்திலிருந்து தமிழ் மேடை எடுத்துக்கொண்ட சுருட்டுத் திரைகளில் தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன் என்று வகைகள் உண்டு. வள்ளி தினைப்புனம் காப்பதற்கும் லோகிதாசன் பாம்பு கடித்துச் சாவதற்கும் ஒரே காட்டு சீன் போதுமானதாக இருந்தது. திரை எழுதிய கைகள்தான் பிறகு காலண்டருக்கும் போட்டோ ஸ்டூடியோவுக்கும் வந்தன. கோவில்பட்டியில் தங்கிச் சாமி படங்கள் எழுதி சிவகாசி அச்சுக்குக் கொடுத்த கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். ஸ்டூடியோவில் கல்யாணமான தம்பதி நிற்க, பின்னால் ஏரி, பாலம், அன்னம், எந்த நாட்டிலும் இல்லாத ஒரு மாளிகை. திரை வீட்டுப் பக்கம் வந்தது. ஆள் போய் அதன் முன்னால் நின்றார்.

இப்போது திசை மாறிவிட்டது, அவ்வளவுதான். திரை வருவதில்லை. ஊட்டி, கொடைக்கானல், ஏலகிரி, மேகமலை என்று திரை இருக்கிற இடத்துக்கு உடம்பு போகிறது. போய், அதற்கு முதுகைக் காட்டி நிற்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்பதை அரசாங்கமே சிமெண்ட் போட்டு, கம்பி நட்டு, 'வியூ பாயிண்ட்' என்று பலகையும் வைத்துத் தந்திருக்கிறது. பார்வைக்கு ஒரு புள்ளி குறித்து, அந்தப் புள்ளியிலிருந்து தெரிவது மட்டுமே அந்த இடம் என்று ஏற்பாடு செய்கிற சொல்லாடலுக்குச் சுற்றுலாத் துறை என்று பெயர்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வேன் பிடித்துக் கொடைக்கானல் போய்வருகிற குடும்பம் பில்லர் ராக்ஸ் முன்னால் வரிசை கட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதைப் பார்த்து முகம் சுளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம் எழுத்தாளர்களில் பலருக்கு இந்தச் சுளிப்பு ஒரு ரசனைச் சான்றிதழ் மாதிரி. 'ஜனங்களுக்கு மலையைப் பார்க்கவே தெரியல சார், போட்டோ புடிக்கத்தான் தெரியுது.' வருஷம் முழுக்கச் சீட்டுக் கட்டி, புளிச்சோறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் எடுக்கும் படத்தில் குறைந்தபட்சம் ஆட்கள் இருக்கிறார்கள். அத்தை இருக்கிறார், அத்தையின் ஸ்வெட்டர் இருக்கிறது, கூட்டத்தில் யாரோ ஒரு பலூன்காரர் பாதி வந்து நிற்கிறார். என் பிராது அவர்கள்மேல் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு முக்காலியோடு போய் நின்று, ஆட்கள் சட்டகத்தை விட்டு வெளியேறும்வரை பொறுமையாகக் காத்திருந்து படம் எடுக்கிற கலைஞர்கள்மேல். இவர்கள் மத்தியில் புழங்குகிற ஒரு சொல் 'க்ளீன் ஃப்ரேம்'. சுத்தமான சட்டகம். ஆள் நடமாட்டம் இல்லாதது சுத்தம். சுத்தம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன சரித்திரம் உண்டு என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

*

இந்த இடத்தில் தமிழ் படித்தவன் ஒருவன் திணையைக் கொண்டுவந்து நிறுத்துவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நிறுத்தத்தான் போகிறேன், ஆனால் வழக்கமான பெருமிதத்துக்காக அல்ல.

தொல்காப்பியம் நிலத்தைத் தனியே வைத்துப் பேசுவதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலானவை கருப்பொருள். புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் உரிப்பொருள். பாட்டில் பயிலும்போது முதலைவிடக் கருவும் கருவைவிட உரியும் சிறக்கும் என்பது அதன் கணக்கு. அதாவது வெறும் மலை என்பது அந்த அழகியலில் மிகக் கீழான நிலை. மலை இருந்தால் அங்கே என்ன விளைகிறது, யார் என்ன தொழில் செய்கிறார்கள், எந்தப் பறை ஒலிக்கிறது, யாருக்கு என்ன நோவு என்று கேட்டாக வேண்டும். பாலைக்கு என்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். நிலத்துக்குக் காலம் உண்டு, அதற்குக் கெடுதல் நேரும் என்கிற அறிவு இது. நம் இயற்கைப் படங்களோ முதற்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சுரண்டி எடுத்துவிடுகின்றன. பொழுதுகூட 'கோல்டன் அவர்' என்ற ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஆறு பெரும்பொழுதும் ஆறு சிறுபொழுதும் வைத்திருந்த மொழியில், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்தான் இயற்கை.

இதுவரைக்கும் சரி. 'பார்த்தீர்களா, நம் முன்னோர்கள்' என்று இங்கே நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். அதே பொருளதிகாரம் அடியோரையும் வினைவலரையும் எங்கே வைத்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர்களுக்குக் காதல் உண்டு, பாட்டும் உண்டு. ஆனால் அன்பின் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளையிலும் பெருந்திணையிலும். நிலத்தில் வேலை செய்கிறவன் கருப்பொருளில் 'தொழில்' என்று ஒரு சொல்லாக இருக்கலாம். நிலத்தின் உரிப்பொருளைச் சுமக்கும் தலைவனாக இருக்க முடியாது. ஆகவே, ஆள் இல்லாத சட்டகத்தை வெள்ளைக்காரன் மட்டும் கொண்டுவந்தான் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆள் இருந்தும் ஆளாக எண்ணப்படாத சட்டகம் ஒன்று இங்கே முன்பே தயாராக இருந்தது. கேமரா வந்து அதில் பொருந்திக்கொண்டது.

*

வெள்ளைக்காரன் கொண்டுவந்ததையும் பார்த்துவிடலாம். கேமரா வருவதற்கு முன்பே, 18-ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் கனவான்கள் மலைப்பிரதேசங்களுக்குப் போகும்போது ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துப் போனார்கள். சற்றே குவிந்த, கருமை பூசிய கண்ணாடி. குளோட் லொரேன் என்ற பிரெஞ்சு ஓவியரின் பெயரால் அதைக் குளோட் கண்ணாடி என்றார்கள். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தால் மலையும் ஏரியும் ஓவியம்போல மங்கி, ஒழுங்காகி, உள்ளங்கைக்குள் வந்துவிடும். கவிஞர் தாமஸ் கிரே 1769-இல் ஏரிப் பிரதேசத்தில் இப்படிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனவர், சேறான பாதையொன்றில் மல்லாக்க விழுந்து விரல் மூட்டுகளைப் பெயர்த்துக்கொண்டார். தானே எழுதி வைத்திருக்கிறார். செல்பி எடுத்துப் பள்ளத்தில் விழுகிறவர்களை இந்தத் தலைமுறையின் மூடர்கள் என்று தலையங்கம் எழுதுகிறவர்கள் கிரேயையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். செல்போனுக்கு முந்தியது இந்த வியாதி.

அமெரிக்காவில் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் கதை இன்னும் கறாரானது. 1851-இல் மரிப்போசா படைப்பிரிவு உள்ளே நுழைந்து அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களைத் துரத்தியது. பத்து வருஷம் கழித்து, 1861-இல், கார்ல்டன் வாட்கின்ஸ் பெரிய கண்ணாடித் தகடுகளோடு போய், ஆளரவமற்ற, தெய்வீகமான ஒரு பள்ளத்தாக்கைப் படம் எடுத்துவந்தார். 1864-இல் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுப் பயனுக்காகப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டதற்கு அந்தப் படங்களும் தூண்டுதல் என்பார்கள். முதலில் துப்பாக்கி, பிறகு கேமரா, பிறகு சட்டம் என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். 'மனிதன் தொடாத இயற்கை' என்பது சும்மா கிடைக்கவில்லை. தொட்ட மனிதர்களை அப்புறப்படுத்திய பிறகு கிடைத்தது. திரும்பி வந்து பள்ளத்தாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தவர்களின் கடைசிக் குடியிருப்பைப் பூங்கா நிர்வாகம் 1969-இல் தரைமட்டமாக்கியது. வாட்கின்ஸின் படத்துக்கும் நிலத்துக்கும் இருந்த கொஞ்சநஞ்ச வித்தியாசமும் அன்றோடு தீர்ந்தது.

இந்தப் பள்ளத்தாக்கின் மகாகவி என்று கொண்டாடப்படுபவர் ஆன்செல் ஆடம்ஸ். அவரை எளிதாகத் திட்டிவிட்டுப் போக முடியாது என்பதற்காகவே அவரை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். மன்சனார் என்ற முகாமுக்கு 1943-இலிருந்து பலமுறை போய் அங்கிருந்தவர்களைப் படம் எடுத்து, 1944-இல், போர் முடியாதபோதே, புத்தகமாகக் கொண்டுவந்தவர் ஆடம்ஸ். முள்வேலியையும் காவல் கோபுரத்தையும் எடுக்க அனுமதி கிடையாது. அந்தக் காலத்திலேயே, முகாமிலிருந்து வெகு தூரமில்லாத லோன் பைன் ஊரில், பனிமலையில் விடியல் படும் பிரசித்தி பெற்ற ஒரு படத்தையும் எடுத்தார். அந்தப் படத்தில் முன்பக்கத்துக் குன்றின் சரிவில் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெள்ளைக் கற்களால் தங்கள் ஊரின் முதலெழுத்துகளைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அதைப் படத்திலிருந்து அழித்துவிட்டார். கேட்டவர்களிடம் மறைக்கவும் இல்லை. அது அசிங்கம், எனவே எடுத்துவிட்டேன் என்பதே அவர் நிலை. மனிதர்களை முகாமுக்குள் போய்த் தேடிப் படம் எடுத்த அதே கைதான் மலையில் மனிதன் எழுதியதை அழிக்கிறது. ஒரு நல்ல மனிதர்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இயற்கைப் படம் என்ற வகைமைக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. எடுப்பவரின் அரசியலைக் கேட்காமல் அது தன் வேலையைச் செய்கிறது.

மன்சனாரிலிருந்தே அவர் எடுத்த இன்னொரு படம்: முன்னால் பாறைக்குண்டுகள் பரந்து கிடக்கின்றன, பின்னால் வில்லியம்சன் மலை, மேகத்தைக் கிழித்து இறங்குகிற ஒளி. படத்துக்குள் முகாம் இல்லை, பத்தாயிரம் பேரை அடைத்து வைத்திருந்ததன் சுவடு எதுவும் இல்லை. தலைப்பில் மட்டும் 'மன்சனாரிலிருந்து' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைப்பை எடுத்துவிட்டால் அது வெறும் சீனரி. தலைப்பைச் சேர்த்துப் படித்தால் அந்தப் பாறைகளின் எண்ணிக்கை வேறு மாதிரி உறுத்த ஆரம்பிக்கும். படத்தைவிட அந்த ஒரு சொல்லை நான் மதிக்கிறேன்.

(ஒரு கிளைக்குறிப்பு. உலகத்தில் அதிகம் பேர் பார்த்த நிலக்காட்சிப் படம் எது என்றால், நம் டி.டி.பி. கடைகளின் கம்ப்யூட்டர் திரையில் பல வருஷம் பார்த்த பச்சைக் குன்றும் நீல வானமும்தான். 1996-இல் கலிபோர்னியாவில் சார்லஸ் ஓரியர் எடுத்தது. திராட்சைத் தோட்டங்களின் பிரதேசம் அது. வேரைத் தின்னும் ஒருவகைப் பூச்சி தாக்கிக் கொடிகளைப் பிடுங்கிவிட்டதால் அந்த வருஷம் வெறும் புல்லாக இருந்தது. ஒரு விவசாய நாசத்தின் படத்துக்கு 'பேரானந்தம்' என்று பொருள்படப் பெயர் வைத்து உலகம் முழுக்க விற்றார்கள். ஆடம்ஸ் இருட்டறையில் சிரமப்பட்டுச் செய்த அழிப்புவேலையை இப்போது செல்போனே செய்கிறது. 2021-இலிருந்து 'மேஜிக் எரேசர்' என்று ஒரு கம்பெனி அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறது. விரலால் ஆளைச் சுற்றிக் கோடு போட்டால் ஆள் இல்லை.)

*

இனி மாஞ்சோலைக்கு வரலாம். இவ்வளவும் அதற்காகத்தான்.

பாபநாசம் பக்கம், மணிமுத்தாறு அணையைத் தாண்டி மேலே ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் காட்டை 1929-இல் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா கம்பெனி. காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். வெட்டியவர்கள், நட்டவர்கள், கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் சமவெளியிலிருந்து போன தலித் மக்கள். ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்கு வந்த பிறகும் குத்தகை ஒழியவில்லை. 1988-இல் சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. 2028-இல் குத்தகை முடிய வேண்டும். அதற்கு முன்பே, 2024-இல், கம்பெனி வேலையை நிறுத்தித் தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டியது. மூன்று நாலு தலைமுறையாக லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கீழே ஊரும் இல்லை, நிலமும் இல்லை. விருப்பம் என்ற சொல்லை இதைவிடக் கேலி செய்ய முடியாது.

மாஞ்சோலையின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் காலண்டர், ஆம்னி பஸ் ஏஜென்சியின் சுவர், இப்போது எல்லோருடைய செல்போன். சரிவுகளில் வெட்டிவைத்த மாதிரி பச்சை மெத்தை, நடுவில் வளைகிற மண்பாதை, மேலே மஞ்சு. 'என்னா ஒரு இயற்கை!' என்கிறோம். எனக்குத் தெரிந்து இந்தத் தமிழ் மண்ணில் அதைவிடச் செயற்கையான காட்சி வயல்வெளியைத் தவிர வேறு கிடையாது. தேயிலை என்பது செடி அல்ல; விட்டால் மரமாகும். இடுப்புயரத்தில் மட்டமாக அதை நிறுத்தி வைத்திருப்பது கை. சில நாட்களுக்கு ஒருமுறை விடாமல் கொழுந்து கிள்ளுவதாலும், சில வருஷங்களுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவதாலும்தான் அந்த மெத்தை மெத்தையாக இருக்கிறது. சட்டகத்தில் ஆள் இல்லை என்று சந்தோஷப்பட்டு எடுத்த படத்தின் ஒவ்வொரு அங்குலமும் ஆளின் கைபட்டது. அட்டைக் கடிக்கும் மழைக்கும் நடுவே நின்று ஒருத்தி பறித்த பறிப்பின் மேல்பரப்பைத்தான் நாம் அகலக்கோண லென்ஸில் 'அகன்ற பசுமை' என்று எடுத்துவருகிறோம். உழைப்பு உறைந்து சரக்காகி, சரக்கின் முகத்தில் உழைப்பே தெரியாமல் போவது பற்றி மார்க்ஸ் சொன்னதற்கு உதாரணம் தேடித் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதில்லை, காலண்டர் போதும்.

2024 ஜூனில் பறிப்பு நின்றது. பறிக்காத தேயிலை என்ன செய்யும்? வளரும். மெத்தை கலையும். மேலே போய்விட்டு வந்த ஒரு புகைப்பட நண்பர் 'இப்ப பழைய மாதிரி இல்ல, காடு மாதிரி ஆயிருச்சு, வியூ போச்சு' என்றார் வருத்தத்தோடு. கூலி கொடுத்து வைத்திருந்த 'வியூ' கூலி நின்றதும் போய்விட்டது என்பதை அவர் வாயாலேயே சொன்னார். சொன்னது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

ஆள் வருகிற படங்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தேயிலைத்தூள் பாக்கெட்டிலேயே இருக்கிறாள்: கூடை, கொண்டை, நிமிர்ந்த சிரிப்பு, பின்னால் மங்கலாக மலை. ஆனால் அவள் அங்கே நிலத்துக்கு நிறம் சேர்க்க வந்தவள். பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி வேண்டும் என்பது ஓவியப் பள்ளிப் பாடம். அந்தப் புள்ளிக்குப் பெயர் இல்லை, கூலி இல்லை. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் தேயிலைத் தோட்டத்தை எழுதியபோது அழகை வர்ணிப்பதில் பொழுதைப் போக்கவில்லை. 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்த பி. எச். டேனியலின் நாவலில் பனி ஒரு காட்சி அல்ல, உடம்பில் இறங்குகிற வியாதி. அதை ஒட்டி வந்த 'பரதேசி' (2013) படத்தில் மலையின் அழகு முழுவதும் வருகிறது, ஆனால் அந்த அழகு தப்பிக்க முடியாத சுவராக நிற்கிறது. அகலச் சட்டகத்தையே இப்படிச் சிறையாக்க முடியும் என்றால், அகலச் சட்டகத்தின்மேல் பழி போட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. சினிமாவுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது, அதனால் முடிகிறது. தனிப் படத்துக்கு அது கிடையாது. அதற்குக் கிடைக்கிற ஒரே முன்பின், கீழே எழுதுகிற வரி.

இன்னொன்றும் உண்டு. நிலக்காட்சிப் படத்துக்குச் சில விஷயங்கள் தெரியவே தெரியாது. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 2001-இல் மூடப்பட்டது. அதன் பாதரசம் சோலைக்குள் கலந்திருந்தது. அந்தச் சோலையை நீங்கள் எந்த லென்ஸில் எடுத்தாலும் அழகாகத்தான் விழும். பாதரசம் பச்சையைக் கெடுக்காது. ஊட்டி ஏரியை எடுத்தால் அது 1824-இல் சல்லிவன் ஆரம்பித்த கட்டுமானம் என்றோ, கரையின் கற்பூரத்தைல மரம் 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து தோடர்களின் புல்வெளியைத் தின்றது என்றோ படம் சொல்லாது. எல்லாமே 'இயற்கை' என்ற ஒரே பச்சைக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

*

மாஞ்சோலை பற்றிப் பேசும்போது சூழலியல் தோழர்களோடு எனக்கு ஏற்படும் உரசல் இங்கேதான். கம்பெனி போக வேண்டும், காடு திரும்ப வேண்டும் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காட்டின் வயிற்றில் தேயிலை போட்டது தப்பு. அந்தத் தப்பில் லாபம் பார்த்தது கம்பெனி. ஆனால் தோழர்கள் கட்டுரைகளோடு அனுப்புகிற படங்களைப் பார்க்கிறேன்: இருவாட்சி, சிங்கவால் குரங்கு, மஞ்சு மூடிய சோலை, ஆளில்லாத லயன் வீட்டுச் சுவரில் ஏறுகிற கொடி. கடைசிப் படத்துக்குக் கீழே 'இயற்கை தன் வீட்டை மீட்டெடுக்கிறது' என்கிற தொனியில் ஒரு வரி. அந்தச் சுவரில் கொடி ஏறுவதற்கு முன்னால் யாரோ ஒரு அலமாரி ஆணி அடித்திருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆணி தெரிகிறது. வாட்கின்ஸின் தகடுகள் ஒரு சட்டத்துக்குச் சாட்சியாகப் போன மாதிரி, இந்தப் படங்களும் எங்கோ ஒரு கோப்பில் சாட்சியாகப் போகும். வனம் வேண்டும் என்பதற்காக ஆளில்லாத படம்தான் வேண்டும் என்று யார் சொன்னது? காட்டைத் திரும்ப நடுகிற வேலையை, அந்த மண்ணை நூறு வருஷமாகத் தெரிந்த கைகளுக்கே கொடுக்கச் சொல்லிக் கேட்பதற்கு நம் அழகியல்தான் இடைஞ்சலாக நிற்கிறது. அந்தக் கைகள் வந்தால் ஃப்ரேம் கெட்டுவிடும்.

நம் பங்கையும் பார்க்கலாம். கடந்த முப்பது வருஷத்துக் கவிதைத் தொகுப்புகளின் அட்டைகளை வரிசையாகப் பரப்பி வைத்துப் பாருங்கள். ஒற்றை மரம். ஒற்றைப் படகு. ஆளற்ற தண்டவாளம். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம். 1964 புயலில் அழிந்த ஊரைக் கவிஞனின் தனிமைக்குக் குறியீடாக்கி எத்தனை அட்டைகள்! அந்த இடிபாட்டுக்குப் பக்கத்தில் இப்போதும் வலை காயப்போடுகிறார்கள், சங்கும் பாசியும் விற்கிறார்கள், கருவாட்டு வாடை வீசுகிறது. அட்டைக்கு வரும்போது அதெல்லாம் விலக்கப்பட்டுவிடுகிறது. சிறுபத்திரிகை அழகியலும் சுற்றுலாத் துறை அழகியலும் சந்திக்கிற வியூ பாயிண்ட் அது.

மாஞ்சோலையிலிருந்து இறங்கிவந்து இப்போது கீழே வாடகை வீட்டில் இருக்கிற ஒரு அம்மா தன் போனில் உள்ள படங்களைக் காட்டினார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் எதுவும் தேறாது. அடிவானம் சாய்ந்திருக்கிறது, முகத்தில் வெளிச்சம் இல்லை, விரல் குறுக்கே வந்திருக்கிறது. ஒரு படத்தில் வெறும் தேயிலைச் சரிவு மட்டும். ஆள் யாரும் இல்லை. காலண்டர் படம் மாதிரியே இருந்தது. 'இது நான் பறிச்ச காடு. அந்தா அந்த மேட்டுலதான் எங்க அம்மாவப் பொதச்சிருக்கு' என்றார். அவர்கள் தங்கள் பறிப்பு எல்லையைக் காடு என்றுதான் சொல்கிறார்கள். அடுத்த படம் குழாயடி. அதற்கடுத்து ஒரு கோயில், ஒரு நாய். நிலக்காட்சிப் படமே கூடாது என்ற முடிவுக்கு என்னை வரவிடாமல் தடுத்தது அந்தச் சரிவுப் படம். அதே கோணம், அதே பச்சை, அதே ஆளின்மை. ஆனால் எடுத்தவர் அங்கே பார்வையாளராக நிற்கவில்லை. தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளில் ஒன்றாக 'நோக்கு' என்பதைச் சொல்கிறார். கேட்டவரைத் திரும்பத் திரும்ப நோக்க வைப்பது என்று அதற்கு உரை சொல்வார்கள். அந்தப் படத்தில் நோக்கு இருந்தது. ஆனால் படத்துக்குள் அல்ல, அவர் பேச்சில். பேச்சை நீக்கிவிட்டு அதை ஒரு கண்காட்சியில் மாட்டினால் நாம் மறுபடியும் மெத்தையைத்தான் பார்ப்போம்.

1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும் கைதான தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் தள்ளியதில் பதினேழு பேர் செத்தார்கள். கைக்குழந்தை ஒன்றும் அதில் சேர்த்தி. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தாமிரபரணி அதற்குப் பிறகு ஒரு காட்சியாக இருக்க முடியாது. ஆனால் அதே கொக்கிரகுளத்துப் பாலத்தில், சாயங்காலம் வேலை முடிந்து போகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஆற்றில் இறங்குகிற சூரியனைப் படம் எடுக்கிறார்கள். நல்ல வெளிச்சம். நீர்க்காகம் ஒன்று பாறையில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆற்றங்கரையில் அந்தப் பதினேழு பேரின் பெயரைப் படித்துவிட்டுத் திரும்பும்படி ஒரு கல்கூட இந்த இருபத்தைந்து வருஷத்தில் நம் பத்திரிகைகள், இயக்கங்கள், அரசுகள் யாரும் பாலத்துக்குப் பக்கத்தில், படம் எடுக்க நிற்கிற அந்தச் சரியான இடத்தில், நட்டுவைத்ததாக எனக்குத் தெரியவில்லை. வருஷா வருஷம் ஜூலை 23 அன்று தலைவர்கள் இறங்கி மலர் தூவுகிறார்கள். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று எடுக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் தலைவர், பூ, ஆறு. அந்தப் பூ கிழக்கே மிதந்து போவதை யாராவது ஒரு பயணி, என்னவென்று தெரியாமல், அழகாக இருக்கிறதே என்று எடுத்திருக்கவும் கூடும்.